கோடு போட்ட போர்வைக்கு அக்ரிலிக் உல்லன்: சேலம் சின்னக்கடை வீதி சரக்கு எப்படி?

லீவில் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வை பின்ன நினைப்பவர்களுக்கு, சின்னக்கடை வீதிப் பக்கம் கிடைக்கும் 100 கிராம் அக்ரிலிக் உருண்டைகள் தாராளமாகப் போதும். 90 × 120 செ.மீ. போர்வைக்கு நான்கு நிறம், நிறத்துக்கு இரண்டு உருண்டை.

5 மி.மீ. ஊசியில் டபுள் குரோஷே (நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிப் போடும் உயரமான தையல்) போட்டால் 10 செ.மீ.க்குச் சுமார் 13 தையல் வரும். அடி வரிசையாக 120 சங்கிலித் தையல் போட்டு ஆரம்பிக்கலாம். சங்கிலியை மட்டும் 6 மி.மீ. ஊசியில் போடுங்கள், இறுகினால் அடிப்பக்கம் சுருண்டுகொள்ளும். கோட்டுக்கு 4 வரிசை வைத்தால் நூல் மாற்றும் இடம் எப்போதும் ஒரே ஓரத்தில் விழும். வரிசையின் கடைசித் தையலில், கடைசி இழுப்பையே புது நிறத்தில் இழுக்க வேண்டும். தையலை முடித்துவிட்டு மாற்றினால் கோட்டின் ஓரத்தில் பழைய நிறம் பல் இளிக்கும்! போர்வை போகப் போக ஒடுங்குகிறதா? திரும்பும் சங்கிலியின் (வரிசை ஆரம்பத்தில் உயரத்துக்காகப் போடும் சங்கிலி) தலையில் போட வேண்டிய தையல் விட்டுப்போகிறது. பத்து வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள்.

நூல் வழுவழுப்பு, பிரிவது குறைவு. குறை நிறத்தில்தான். லேபிளில் லாட் எண் (ஒரே தடவையில் சாயமிட்டதைக் காட்டும் எண்) பார்த்து மொத்தமாக வாங்காவிட்டால் அடுத்த உருண்டை ஒரு சாயல் மாறும். சிவப்பு, கருநீலம் இரண்டையும் சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்து எடுங்கள்.

சூடான இஸ்திரி வேண்டாம், தையல் தட்டையாகிவிடும். ஏற்காட்டுக் குளிருக்கு இது சரி. சேலம் வெயிலுக்குப் பருத்தி நூலே மேல். என்ன, கனம் கூடும்.