மார்பை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா? அதை யாரிடம் பேசுவது?

திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் மார்பகப் புற்றுநோய் என்று முடிவு வந்த வாரத்தில் வீட்டுக்குள் இரண்டு கேள்விகள் சேர்ந்தே நுழைகின்றன. முதல் கேள்வியை அறுவை மருத்துவர் கேட்பார்: கட்டியை மட்டும் எடுப்போமா, மார்பை முழுதாக எடுப்போமா? இரண்டாவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: இதைப் பற்றி நான் யாரிடம் பேசுவது? என் அண்ணிக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். அதற்குப் பிறகு தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பலருடன் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில் எவ்வளவு நல்லதாக இருக்கும் என்பது இரண்டாவது கேள்வியைப் பொறுத்தது என்பதே என் எண்ணம். அதனால் இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன்.

சிங்கப்பூரில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். வாழ்நாளில் 13 பெண்களில் ஒருவருக்கு வரலாம் என்பது இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியிருந்தும் நம்மவர்கள் வீட்டில் இது மூடிய கதவுக்குள் பேசும் விஷயமாகவே இருக்கிறது, பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்பார்கள், ஊருக்குத் தெரியக்கூடாது என்பார்கள்.

உயிர் கணக்கில் இரண்டும் சமம்

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நம் பெரியவர்களை நம்ப வைக்கக் கடினமான விஷயம் இதுதான். நோய் தொடக்க நிலையில் இருந்தால், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுப்பது ஒரு வழி. இதை லம்பெக்டமி என்கிறார்கள். மார்பை முழுதாக எடுக்கும் மாஸ்டெக்டமி மற்றது. எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

யாரோ ஒருவர் அபிப்பிராயமாகச் சொன்னது இல்லை இது. இத்தாலியின் மிலானில் உம்பெர்ட்டோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களைச் சேர்த்து, யாருக்கு எந்த அறுவை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழு 1,851 பெண்களைப் பின்தொடர்ந்தது. இரண்டு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. இரண்டுமே ஒரே பதிலைத்தான் சொன்னன.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. மிலானில் மார்பைக் காப்பாற்றிக்கொண்ட 352 பேரில் 30 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பி வந்தது. முழுதாக எடுத்த 349 பேரில் 8 பேருக்கு அந்த இடத்தில் வந்தது. அப்படித் திரும்பினால் இன்னோர் அறுவை, இன்னொரு சுற்று பயம். ஆனால் மொத்தத்தில் மரணம் கூடவில்லை. ஃபிஷரின் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கட்டியை எடுத்து ரேடியேஷனும் கொடுத்தவர்களில் 14.3 விழுக்காட்டினருக்கு நோய் அதே மார்பில் திரும்பியது, ரேடியேஷன் இல்லாதவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கு. எனவே “கட்டியை எடுத்தாச்சு, ரேடியேஷன் எதுக்கு?” என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். வயதானவர்களில் சிலருக்கு, கட்டியின் தன்மையைப் பார்த்து ரேடியேஷனைத் தவிர்ப்பதும் உண்டு. அது மருத்துவர் சொல்ல வேண்டியது.

“வேரோடு எடுத்துடு, நிம்மதி” என்ற வாதம் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் முறையைப் பரப்பினார். பல பத்தாண்டுகள் அதுதான் வழக்கம். அந்தக் காலத்து மருத்துவரே நம்பியதை நம் பாட்டி நம்புவதில் என்ன தப்பு? ஆனால் நோய் பரவுவதென்றால் ரத்தம் வழியாகவும் பரவும், மார்பை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் அது தடைபடாது. உடம்பு முழுக்கப் போகும் மருந்தான கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதும் இதனால்தான் கட்டியின் வகை, நெறிக்கட்டியின் நிலை முதலியவற்றைப் பார்த்து முடிவாகிறது. மார்பை எடுத்துவிட்டால் கீமோவிலிருந்து தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். “கத்தி பட்டா பரவிடும்” என்பதையும்தான்.

எல்லோருக்கும் தேர்வு கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மார்பில் வெவ்வேறு இடங்களில் கட்டிகள், மார்பு சிறியதாகவும் கட்டி பெரியதாகவும் இருப்பது, முன்பே நெஞ்சில் ரேடியேஷன் வாங்கியிருப்பது போன்ற நிலைகளில் முழுதாக எடுப்பதையே பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள். சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுவைக்குப் போவார்கள்.

நாள், உடம்பு, ரவிக்கை

உயிர் கணக்கு சமம் என்றால், மிச்சமெல்லாம் எப்படி வாழப் போகிறோம் என்பதுதான். இங்கேதான் பட்டியல் நீள்கிறது.

கட்டியை மட்டும் எடுத்தால் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரம் குறைவு. ஆனால் ரேடியேஷனுக்கு வார நாள்தோறும் போய் வர வேண்டும். முன்பு 5 வாரம் என்றிருந்தது; இப்போது பலருக்கு 15, 16 தடவையில், ஏறத்தாழ 3 வாரத்தில் முடிகிறது. 5 தடவையில் முடிக்கும் முறை பற்றிய பிரிட்டன் ஆய்வு 2020இல் வெளிவந்தது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். சிகிச்சை சில நிமிடம்தான். வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து மருத்துவமனை இருக்கும் அவுட்ரமுக்கு எம்ஆர்டி ரயிலில் போய் வருவதுதான் பாதி நாளைத் தின்றுவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற அம்மா, சம்பளமில்லா விடுப்பில் இருப்பவர், படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர், இவர்களுக்கு 3 வாரம் என்பது வெறும் எண் இல்லை.

இன்னோர் அசௌகரியம்: எடுத்த திசுவின் ஓரத்தில் புற்று செல் இருப்பதாகப் பரிசோதனை சொன்னால் மறுபடி அறுவைக்குப் போக வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும்.

முழுதாக எடுத்தால் ரேடியேஷன் பலருக்கு வேண்டியிருக்காது. ஆனால் கட்டி பெரியதாக இருந்தாலோ நெறிக்கட்டிகளில் பரவியிருந்தாலோ அப்போதும் கொடுப்பார்கள். ரேடியேஷனைத் தவிர்க்கவே மார்பைக் கொடுத்துவிட்டு, பிறகு “அதுவும் வேணும்” என்று கேட்டு அதிர்ந்தவர்களை எனக்குத் தெரியும். நெஞ்சிலிருந்து நீர் வடிய ஒரு குழாயோடு வீட்டுக்கு வருவார்கள், அது பல நாள் இருக்கும். நெஞ்சின் அந்தப் பகுதி மரத்துப்போவது பலருக்கு நிரந்தரம்.

உடை பற்றி மருத்துவர் பேசமாட்டார், நான் பேசுகிறேன். சேலை கட்டுபவர்களுக்கு முந்தானை ஒரு பக்கம் மறைக்கும், இடப்பக்கம் திறந்தே இருக்கும். பிராவுக்குள் வைக்கும் சிலிக்கான் மார்புக்கு ஓரளவு எடை உண்டு, அது பொருந்தும் பிரா வேண்டும், அதன்மேல் ரவிக்கையை மறுபடி தைக்க வேண்டும். தேக்காவில் உங்கள் தையற்காரர் ஆணாக இருந்தால் அந்த உரையாடலை யோசித்துப் பாருங்கள். நிறையப் பேர் அதற்காகவே சுரிதாருக்கு மாறிவிடுகிறார்கள்.

அக்குள் நெறிக்கட்டி தனிக் கணக்கு. எந்த மார்பு அறுவையைத் தேர்ந்தாலும் புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய சில நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதிப்பதா, மொத்தமாக எடுப்பதா என்ற கேள்வி வரும். மொத்தமாக எடுத்தால் கை வீங்கும் வாய்ப்பு கூடும். இதை மறக்காமல் கேளுங்கள்.

மூன்றாவது வழி: புதிதாக அமைப்பது

மார்பை எடுத்த அதே அறுவையிலோ பிறகோ மார்பைத் திரும்ப அமைக்கலாம். சிலிக்கான் பை வைப்பது அறுவை நேரத்தில் சிறியது, ஆனால் அது ஆயுள் முழுக்க நிற்கும் பொருளில்லை, ரேடியேஷன் பட்டால் சுற்றி இறுகவும் கூடும். 2019இல் ஒரு நிறுவனத்தின் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகள் அபூர்வமான ஒருவகை நிணநீர்ப் புற்றோடு தொடர்புபடுத்தப்பட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. வயிற்றுச் சதையை எடுத்து அமைப்பது இயல்பாகத் தெரியும், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் பல மணி நேர அறுவை, வயிற்றில் நீளமான இன்னொரு தழும்பு, குணமாக வாரங்கள். ஒல்லியானவர்களுக்கு எடுக்கப் போதுமான சதையே இருக்காது.

என் கருத்தைக் கேட்டால், குழப்பமாக இருப்பவர்கள் அதே நாளில் அமைக்க அவசரப்பட வேண்டாம். பிறகு செய்துகொள்ளலாம். பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் குறையொன்றும் இல்லை.

நோயில்லாத மறு மார்பையும் சேர்த்து எடுப்பது பற்றி: 2013இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி செய்தது பலர் நினைவில் இருக்கிறது. அவருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றம் இருந்தது, புற்றுநோய் அப்போது வரவில்லை. மரபணு மாற்றமோ வலுவான குடும்ப வரலாறோ இல்லாதவருக்கு இரண்டையும் எடுப்பதால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை.

பணத்தையும் இப்போதே பேசிவிட வேண்டும். மெடிசேவ் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, தனியார் கூடுதல் காப்புறுதி என ஒவ்வொன்றிலும் எது எவ்வளவு அடங்கும் என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் அறுவைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள், முக்கியமாக மார்பு அமைப்பதும் மறு மார்பில் செய்வதும்.

யாரிடம் பேசுவது

1974இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னருக்கு நோய் வந்தபோது அங்கே நடைமுறை இதுதான்: மயக்கம் கொடுப்பார்கள், கட்டியைச் சோதிப்பார்கள், புற்று என்றால் அந்த மயக்கத்திலேயே மார்பையும் எடுத்துவிடுவார்கள். கண் விழித்துத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். அவர் சம்மதிக்க மறுத்தார். சோதனை தனி, அறுவை தனி என்று போராடினார். அந்த இடைவெளி இன்று நமக்கு இருக்கிறது. பெரும்பாலான நேரம் ஓரிரு வாரம் யோசிக்க இடமுண்டு. உங்கள் விஷயத்தில் எவ்வளவு என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

அந்த ஓரிரு வாரத்தை நிரப்ப நான்கு வகை ஆட்கள் வருவார்கள். சொந்தக்காரர்கள் முதலில். அன்பில் குறையே இருக்காது, சாப்பாடு வரும், பிள்ளையைப் பள்ளியில் விடுவார்கள். ஆனால் முடிவு விஷயத்தில் அவர்கள் பயத்தைத்தான் உங்களிடம் இறக்கி வைப்பார்கள். கணவருக்கு மனைவி பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். “எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர்” என்று அவர் சொல்வது புரிகிறது. புரிந்தாலும் உடம்பு அவருடையது இல்லை.

இரண்டாவது, மார்பகப் பராமரிப்புத் தாதி. மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை இவரிடம் கேட்கலாம். இவரைக் குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்பது என் ஆதங்கம்.

மூன்றாவது, அந்த வழியில் ஏற்கெனவே போய் வந்த ஒரு பெண். தானே அறுவை செய்துகொண்ட நியூயார்க் பெண் டெரீஸ் லாசர் 1952இல் மற்ற நோயாளிகளைப் போய்ப் பார்க்கத் தொடங்கினார். அந்த யோசனை உலகெங்கும் பரவியது. சிங்கப்பூரில் 1997இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் அறநிறுவனமும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கமும் இப்படிப்பட்ட ஆதரவைத் தருகின்றன. பெரிய மருத்துவமனைகளிலும் ஆதரவுக் குழுக்கள் உண்டு. ஒருவரோடு ஒருவர் பேசும்போது, “அக்கா, முதல் தடவை கண்ணாடியில பாத்தப்போ எப்படி இருந்துச்சு?” என்று கேட்க முடியும். அதற்குப் பதில் எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆபத்தும் இங்கேதான்: தான் தேர்ந்ததே சரி என்று நினைப்பது மனித இயல்பு. மார்பை எடுத்தவர் “நான் நிம்மதியா தூங்குறேன்மா” என்பார். காப்பாற்றிக்கொண்டவர் “மூணு வாரம் பல்லைக் கடிச்சேன், இப்ப மறந்தே போச்சு” என்பார். இரண்டும் உண்மை. அதனால் ஒருவரோடு நிறுத்தாமல், வெவ்வேறு முடிவெடுத்த இருவரிடமாவது பேசுங்கள். ரேடியேஷனுக்குப் போனவரிடம் பயணத்தைப் பற்றி, சிலிக்கான் பை வைத்தவரிடம் சில வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று, ஒன்றும் அமைத்துக்கொள்ளாதவரிடம் உடையைப் பற்றி. “உங்க இடத்துல நான் என்ன செய்யணும்?” என்பதைவிட “எதை முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்னு தோணுச்சு?” என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கிறது.

நான்காவது, ஆதரவுக் குழுக் கூட்டம். பத்துப் பேர் நடுவில் பேசத் தயங்குபவருக்கு அறுவைக்கு முன் இது ஒத்துவராமல் போகலாம். அறுவைக்குப் பிறகு இதன் பலம் தெரியும். 1989இல் டேவிட் ஸ்பீகல், நோய் முற்றிய பெண்கள் குழுவில் சேர்ந்தபோது கூடுதல் காலம் வாழ்ந்ததாக அறிவித்தார், உலகமே பேசியது. 2001இல் வெளிவந்த பெரிய கனடா ஆய்வில் ஆயுள் கூடவில்லை, ஆனால் மன வேதனையும் வலியும் குறைந்தன. இந்த இரண்டாவது முடிவே எனக்குப் போதும். “கூட்டத்துக்குப் போகாததால் நோய் முற்றியது” என்று யாரும் தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம் அல்லவா?

குழு என்றால் வட்டமாக உட்கார்ந்து அழுவது என்றில்லை. அக்குள் அறுவை செய்தவர்கள் கைக்கு வேலை கொடுக்கக்கூடாது என்ற நம்பிக்கையைச் சோதிக்க, 1996இல் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர் நோயிலிருந்து மீண்ட பெண்களை டிராகன் படகு ஓட்ட வைத்தார். கை வீங்கவில்லை. இங்கே மார்பகப் புற்றுநோய் அறநிறுவனத்துக்கும் அப்படி ஒரு படகுக் குழு உண்டு. நம் பெண்கள் “நீச்சல் தெரியாது” என்று பின்வாங்குவார்கள். மிதவைச் சட்டை தருவார்கள்.

ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திகளை நான் ஐந்தாவது வகையாகச் சேர்க்கவில்லை. சர்க்கரையை நிறுத்து, கசாயம் குடி, அறுவையே வேண்டாம் என்று அனுப்புபவர் உங்கள் பயாப்சி அறிக்கையைப் பார்த்ததில்லை.

தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால், ஆதரவு அமைப்பைக் கூப்பிடும்போதே தமிழ் பேசும் ஒருவரோடு இணைத்துவிட முடியுமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் வேறு மொழிக்காரரும் பரவாயில்லை, ஆனால் மகளையோ மகனையோ நடுவில் மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். கண்ணாடி, கணவர், படுக்கையறை பற்றிய கேள்விகள் பிள்ளைக்கு முன்னால் வாயிலிருந்து வராது. அதற்கு ஒரு தோழி போதும்.