ஸ்ரீவில்லிபுத்தூர்: பால்கோவாவுக்காக மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், ஒரு ராத்திரி தங்குங்கள்

மதுரையிலிருந்து தென்காசி, குற்றாலம் போகிற கார்களும் வேன்களும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து நிமிடம் நிற்கும். ஆளுக்கு அரைக் கிலோ பால்கோவா, பிள்ளைகளுக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட், அவ்வளவுதான், கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் நேரம் இருப்பவர்கள் ஆண்டாளைச் சேவித்துவிட்டுப் போவார்கள். இந்த ஊரை இப்படிக் கடந்து போவது பெரிய நஷ்டம். கோயில், கடைத்தெரு, காடு மூன்றும் ஒரே நாளுக்குள் அடங்கிவிடுகிற, ஆனால் அவசரப்பட்டால் எதுவுமே கிடைக்காத ஊர் இது. சாயங்காலம் வந்து இறங்கி, இரவு தங்கி, மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்புவதுதான் சரியான கணக்கு.

முதலில் பால்கோவா, ஏனென்றால் எல்லாரும் கேட்பது அதைத்தான். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு பெயர்ப் பலகைகள் இன்னும் கூடிவிட்டன, நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக ஒரே மாதிரிக் கடைகள், எது நல்லது என்று வெளியூர்க்காரர் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்ப்பது ஒன்றுதான்: அடுப்பு கண்ணில் படுகிறதா. கடைக்குப் பின்னாலோ பக்கத்துச் சந்திலோ அகலமான சட்டியில் பால் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒருவர் நீளக் கரண்டியால் ஓயாமல் கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். சேர்மானம் பாலும் சர்க்கரையும் மட்டுமே. பத்து லிட்டர் பால் வற்றி வற்றி மூன்று, மூன்றரை கிலோ அளவுக்கு வந்து நிற்கும். விறகு அடுப்பில் செய்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், புளிய விறகு, சில இடங்களில் முந்திரிக்கொட்டை ஓடு. அந்தத் தீ சீராக நின்று எரியும், அதனால் பால் அடிப்பிடிக்காமல் மெதுவாகச் சுண்டும், அந்த லேசான புகை வாசனையும் இனிப்போடு சேர்ந்து வரும். கேஸ் அடுப்பில் செய்ததும் கெட்டதில்லை, ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாயில் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் கேட்டு வாங்கி ருசி பாருங்கள், நல்ல கடைக்காரர் யாரும் மறுக்க மாட்டார். விரலில் எடுத்துத் தேய்த்தால் பாலின் நெய்ப்பசை மினுங்க வேண்டும், நாக்கில் சின்னச் சின்ன மணியாகத் தட்டுப்பட்டு உடனே கரைய வேண்டும். நிறம் வெள்ளை வெளேர் என்று இருக்காது, பால் சுண்டிய இளம் பழுப்பு கொஞ்சம் ஏறியிருக்கும். மாவு போல அண்ணத்தில் அப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். தொண்டையில் சர்க்கரை மட்டும் நின்றாலும் அப்படித்தான். பைபாஸ் பக்கம் ஒரு கடையில் தேதியே ஒட்டாத டப்பாவை எனக்குத் தலையில் கட்டிவிட்டார்கள், வீட்டுக்கு வந்து திறந்தால் புளிப்பு வாடை, மொத்தமும் குப்பைக்குப் போயிற்று. ஆகவே தட்டிலிருந்து எடுத்து நிறுத்துத் தருகிற இடத்தில், "இன்னைக்குப் போட்டதா?" என்று கேட்டே வாங்குங்கள்.

ஊருக்குள் பால் கூட்டுறவு சங்கத்தின் விற்பனைக் கடை இருக்கிறது. எங்கே வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். சுற்று வட்டாரத்து மாட்டுக்காரர்கள் ஊற்றும் பால், சீரான இனிப்பு, ஓட்டம் அதிகம் என்பதால் சரக்கு தேங்குவதில்லை. தனியார் கடைகளில் இதைவிட ருசியாகச் செய்கிறவர்கள் உண்டு, ஆனால் அது அன்றைக்குக் கிண்டிய கையைப் பொறுத்தது. இன்னொரு விஷயம், சூடாக வாங்கினால் டப்பாவை மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, அந்தத் தண்ணீர் பட்டுச் சீக்கிரம் கெட்டுவிடும். நன்றாக ஆறிய பிறகு மூடினால் வெளியூருக்குத் தாங்கும், இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. இளஞ்சூட்டில் அங்கேயே நின்று நூறு கிராம் சாப்பிடுகிற சுகம் டப்பாவில் கிடைக்காது, அதற்காகவாவது காரைவிட்டு இறங்குங்கள்.

கோயிலைப் பற்றி ஊருக்கே தெரிந்ததை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த தலம், 11 நிலை ராஜகோபுரம், 190 அடிக்கு மேல் உயரம், தமிழக அரசின் முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலர் கவனிக்காத விஷயம், இது இரண்டு கோயில். ஆண்டாள் சந்நிதி ஒரு பக்கம், அந்தப் பெரிய கோபுரம் நிற்கிற வடபத்ரசாயி கோயில் பக்கத்திலேயே தனியாக. நிறையப் பேர் ஆண்டாளைச் சேவித்ததோடு திரும்பிவிடுகிறார்கள், கோபுரத்தை வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். படியேறிப் போய்ப் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்காமல் வராதீர்கள், ஆண்டாள் சந்நிதியில் இருக்கிற நெரிசல் அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை, நின்று நிதானமாகச் சேவிக்கலாம். இரண்டு கோயிலுக்கும் நடுவில்தான் நந்தவனம், துளசிச் செடியடியில் குழந்தையாக ஆண்டாள் கிடைத்த இடம்.

ஆண்டாள் சந்நிதியில் பார்க்க வேண்டியவற்றில் எனக்கு முதலில் நிற்பது அவளுடைய இடது கையில் இருக்கும் கிளி. தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு. ஒரு நாள் சாத்திய கிளி மறுநாள் கழிந்துவிடும், அடுத்த கிளி வந்துவிடும், இது தலைமுறை தலைமுறையாக நடக்கிற கைவேலை. கூட்டத்தில் நகர்த்திவிடுவார்கள் என்பதால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். மாலையைச் சூடிக்கொண்டு அவள் அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு பிரகாரத்தில் இருக்கிறது. மண்டபத்துக் கூரையில் மரச் சிற்பங்கள் உண்டு, தலை நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு மட்டும்.

மதியம் நடை சாத்தி, நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். குற்றாலம் போகிற வழியில் நடை சாத்திய நேரத்தில் வந்து நின்று, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிற குடும்பங்கள் எத்தனையோ. சாயங்காலம் வந்து தங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். விடிகாலை சந்நிதிக்குப் போனால், அதுவும் மார்கழி என்றால், திருப்பாவை சொல்லிக்கொண்டு நிற்கிற கூட்டத்தோடு நிற்பது வேறு எந்த ஊரிலும் கிடைக்காத அனுபவம், அந்த முப்பது பாட்டும் பிறந்த ஊர் ஆயிற்றே. ஆடிப்பூரத் தேர் பார்க்க வேண்டும் என்றால் கூட்டத்துக்குத் துணிந்து வாருங்கள். நாலு ரத வீதியிலும் கால் வைக்க இடம் இருக்காது, அறை கிடைக்காது, ஆனால் அந்தப் பெரிய தேர் அசைந்து திரும்புவதைப் பார்த்தவர்கள் ஆயுசுக்கும் பேசுவார்கள். சின்னக் குழந்தைகளையும் முட்டு வலிக்காரர்களையும் அன்றைக்குக் கூட்டி வர வேண்டாம், வேறு நாளில் வாருங்கள்.

சிவன் கோயில் விரும்புகிறவர்கள் மடவார் விளாகம் வைத்தியநாதர் கோயிலுக்கு ஒரு நடை போகலாம், ஊருக்குள்ளேயே இருக்கிறது, திருமலை நாயக்கரின் வயிற்று வலி தீர்ந்ததாகச் சொல்கிற தலம். ஆண்டாள் கோயிலின் பரபரப்பு இங்கே கிடையாது.

சாப்பாட்டுக்கு வருவோம். பெரிய ஹோட்டல், விதவிதமான மெனு என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். காலையில் கோயிலைச் சுற்றியுள்ள சைவக் கடைகளில் இட்லி, பொங்கல், வடை, அதற்கு மேல் தேவையில்லை. பால் செழித்த ஊர் என்பதால் காபியும் டீயும் திடமாக இருக்கும், பட்டணத்துக் கடைகளின் தண்ணீர்ப் பால் பழகினவர்களுக்கு முதல் வாயிலேயே தெரியும். மதியச் சாப்பாடு சுமார் ரகம், அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. ராத்திரிதான் இந்தப் பகுதி களைகட்டும். பேருந்து நிலையத்தை ஒட்டிய பரோட்டாக் கடைகளில் கல் சூடேறுகிற சத்தம் ஏழு மணிக்கு ஆரம்பித்துவிடும். சால்னா காரமாக, தண்ணியாக இருக்கும், பிய்த்துப் போட்ட பரோட்டா மேல் அது நன்றாக ஊற வேண்டும், அப்படியே சாப்பிட வேண்டும். விருதுநகர் பக்கத்து எண்ணெய் பரோட்டா போடுகிற கடை என்றால் அதைக் கேளுங்கள், கல்லில் சுடுவதற்குப் பதிலாக எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள், வெளியே முறுமுறு என்று இருக்கும், உள்ளே மெத்தென்று. ஒன்றிரண்டுக்கு மேல் முடியாது, அதனால் ஒரு எண்ணெய் பரோட்டா, ஒரு சாதா என்று சொல்லுங்கள். கூட்டம் இருக்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள், காலியாக இருக்கிற கடையில் குருமா காலையில் வைத்ததாக இருக்கும்.

காட்டுப் பக்கம் போகாமல் திரும்பாதீர்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் செண்பகத்தோப்பு, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். சாம்பல் நிற மலை அணில்களுக்காக 1988-ல் சரணாலயமாக அறிவித்த காடு இது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அணில் என்றதும் முதுகில் மூன்று கோடு போட்ட சின்ன உருவத்தை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் நேரில் பார்த்தால் அசந்துபோவார்கள். உடம்பளவுக்கு நீளமான வால், கிளைக்குக் கிளை தாவுகிற வேகம், தரைக்கு வருவதே அபூர்வம். மாந்தோப்பும் புளியமரமும் நெருங்கி நிற்கிற இடங்களில் மேலே பார்த்துக்கொண்டே, பேசாமல், பொறுமையாக நடந்தால் தென்படும். காலையில் வெயில் ஏறும் முன் போக வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம். காட்டுக்குள் இருக்கும் காட்டழகர் கோயிலுக்கும் உள்பகுதிகளுக்கும் வனத்துறை சோதனைச் சாவடியில் கேட்டு, அவர்கள் விட்டால் மட்டும் போங்கள். யானை நடமாடுகிற காடு. ஸ்பீக்கரும் பிளாஸ்டிக் தட்டும் எடுத்துக்கொண்டு கும்பலாக வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது, அவர்கள் போன பிறகு அன்றைக்கு அந்தப் பக்கம் அணிலும் வராது, பறவையும் வராது.

மலை வேண்டும், காடு வேண்டாம் என்பவர்களுக்கு ஊரை ஒட்டியே திருவண்ணாமலை என்ற குன்று, மேலே சீனிவாசப் பெருமாள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இது வேறு திருவண்ணாமலை. புரட்டாசிச் சனிக்கிழமையில் படியெல்லாம் தலையாக இருக்கும், மற்ற நாட்களில் காற்று வாங்கிக்கொண்டு ஏறலாம்.

வாங்கிப்போக வேறு என்ன இருக்கிறது? சாத்தூர் காராச்சேவு இங்கேயே கடைகளில் கிடைக்கும், ஆனால் சாத்தூர் வழியாகத் திரும்புகிறவர்கள் அங்கேயே வாங்குவது மேல். பால்கோவாவுக்கு அப்புறம் அந்தக் காரம் ஒரு வாய் போட்டால்தான் நாக்கு சமநிலைக்கு வரும், இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். கோடையில் ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் வரும், பார்க்கத் தட்டையாக எளிமையாக இருக்கும், இனிப்பு அபாரம், வீட்டுக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் காயாகப் பார்த்து எடுங்கள். கைத்தறிப் புடவையில் ஆர்வம் உள்ளவர்கள் வத்திராயிருப்புப் பக்கம் சுந்தரபாண்டியம் போய் நேராக நெசவாளர்களிடமே கேட்கலாம், வெயில் காலத்துக்கு உடுத்துகிற பருத்திப் புடவைகள். கோயில் வாசலில் விற்கிற பொம்மை, சாவிக்கொத்து வகையறா எல்லா ஊரிலும் கிடைப்பதுதான், அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள்.

தங்குமிடம் நடுத்தரம். சுத்தமான லாட்ஜ்கள் உண்டு, சொகுசு கிடையாது. அறையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள், சாலை பார்த்த அறை வேண்டாம் என்று சொல்லுங்கள், ராத்திரி முழுக்க லாரிச் சத்தம். இன்னும் நல்ல அறை வேண்டும் என்றால் ராஜபாளையத்தில் எடுக்கலாம், பஸ் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடலாம். ஆனால் விடிகாலை நடைக்கு கோயில் பக்கத்தில் இருப்பதுதான் வசதி.

வருவதற்கு, சென்னைக்காரர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ்தான் வரப்பிரசாதம், இரவு எழும்பூரில் ஏறினால் காலையில் ஸ்டேஷனில் இறங்கலாம். அப்படி வருகிறவர்கள் என் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப்போட்டு, முதல் நாள் காலை கோயில், சாயங்காலம் காடு, மறுநாள் விடிகாலை மீண்டும் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், ராஜபாளையம், தென்காசி பஸ்கள் ஓயாமல் ஓடும், கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மேற்கே மலை தெரிய ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பகல் முழுக்கச் சுற்ற முடியாது, ஐப்பசியிலிருந்து தை வரை நல்ல காலம். பால்கோவாவைக் கடைசியாக, கிளம்புகிற நேரத்தில் வாங்குங்கள், வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போகாதீர்கள்.