ஈஸ்ட் வளர்க்கும் காந்தக் கலக்கி: ஆறு வருஷம் ஓட்டிய பிறகு

மெல்போர்னில் இருக்கும் பழைய ரூம்மேட் போன வாரம் கேட்டான்: "மச்சான், நீ வச்சிருந்த அந்தக் காந்தக் கலக்கி இப்போ பாதி விலைக்குப் போகுது, வாங்கட்டுமா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் அதைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையில் காட்டி 350 ரூபாய் அழுதுவிட்டு வந்திருந்தேன். பெட்டிக்குள் ஒரு விசிறியில் ஒட்டிய காந்தம் சுழல, மேலே வைத்த குடுவைக்குள் கிடக்கும் வெள்ளைக் காந்தக் குச்சியும் கூடவே சுழன்று கலக்கும், அவ்வளவுதான் மெஷின். சேலத்து மே மாத வெயிலில் உள்ளே பசை இளகி, அந்த விசிறிக் காந்தம் நகர்ந்துவிட்டது.

மெல்போர்னில் நாங்கள் வீட்டில் காய்ச்சியது தண்ணி பீர் இல்லை. புளிக்கும் முன் சாற்றின் அடர்த்தி 1.090 (தண்ணீருக்கு 1.000), மொத்தம் 20 லிட்டர். அதற்குச் சுமார் 32,000 கோடி ஈஸ்ட் செல் வேண்டும், புதுப் பாக்கெட்டிலேயே 10,000 கோடிதான் இருக்கும், பழசானால் அதிலும் பாதி செத்திருக்கும். அதனால் 2 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் மால்ட் பவுடர் (முளைகட்டிய பார்லிச் சாற்றின் பொடி) போட்டு, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறியதும் ஈஸ்ட்டை ஊற்றி ஒன்றரை நாள் சுழலவிடுவோம். கையால் குலுக்கினால் இந்த அளவு வளராது. இது நிற்காமல் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் ஃபிரிட்ஜில் வைத்தால், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைத் தொட்டியில் மரவள்ளிக் கிழங்குப் பால் தெளிந்து மாவு அடியில் இறுகுமே, அதே மாதிரி வெண்ணெய் நிறத்தில் ஒரு படிவு. மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதை மட்டும் பீரில் சேர்ப்போம். அந்தப் படிவைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே இதை வைத்திருந்தேன் என்று சொல்லலாம்.

ஆனால் அந்த வெள்ளைக் குச்சி! ராத்திரி இரண்டு மணிக்கு நடுவிலிருந்து துள்ளி ஓரத்துக்குப் போய் டக டக டக என்று கண்ணாடியில் அடிக்கும். கிருமி புகுந்துவிடும் என்பதால் குடுவையைத் திறக்கவும் முடியாது. நிறுத்தி, சாய்த்து, நடுவுக்குக் கொண்டுவந்து, மெதுவாக வேகம் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டுப் படுத்தால் மறுபடி டக டக. ஒரு வருஷம் மெஷினைத் திட்டித் தீர்த்த பிறகுதான் குடுவையின் அடி லேசாக மேடாக இருந்ததைக் கவனித்தேன். சரி, பாதித் தப்பு என்மேல். மீதிப் பாதி அதன்மேல்தான், வேகத் திருகைத் தொட்டாலே பேய் வேகத்தில் கிளம்புவதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஊருக்கு வந்தபின் பீருக்கு வேலையில்லை. 1937-இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததே சேலம் மாவட்டத்தில்தான். வீட்டில் காய்ச்சினால் இன்றைக்கும் கேஸ்தான். இப்போது நாட்டுச்சர்க்கரைத் தண்ணீரில் பன் மாவுக்கு ஈஸ்ட் வளர்க்கிறேன். உண்மையில் பன்னுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, ஒரு ஸ்பூன் உலர் ஈஸ்ட் போதும். அம்மா மட்டும் சுழியைப் பார்த்துக்கொண்டே காய் நறுக்குகிறார்.

வாங்காதேடா என்று பதில் போட்டேன். "அப்போ உன்னோடதை அனுப்பிவிடேன்" என்றான். தர மாட்டேன். எப்படியும் அவன் வாங்கத்தான் போகிறான், அடி தட்டையான குடுவையாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.