ப்ராசஸரைத் தூங்கவிடாத டிரைவர்: எந்தக் கருவி எதைப் பிடிக்கும்?

மடிக்கணினியைத் திறந்தபடி வைத்துவிட்டு எழுந்து போகிறீர்கள். ஒரு நிரலும் ஓடவில்லை. டாஸ்க் மேனேஜர் 1 அல்லது 2 சதவீதப் பயன்பாடு என்கிறது. ஆனாலும் அடிப்பக்கம் சுடுகிறது, பேட்டரி கண்முன்னே கரைகிறது. பல நேரம் காரணம் ஒரு டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் சிறு மென்பொருள். டாஸ்க் மேனேஜர் பொய் சொல்லவில்லை. ப்ராசஸருக்கு வேலை இல்லை என்பது உண்மைதான். சும்மா இருக்கும் நேரத்தில் அது தூங்குகிறதா, வெறுமனே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறதா என்பதைத்தான் அந்தத் திரை காட்டுவதில்லை.

ப்ராசஸரின் தூக்க ஆழத்தைச் சி நிலைகள் என்று எண்ணிட்டுச் சொல்வார்கள். சி0 என்றால் முழு விழிப்பு, சி1 என்றால் லேசான கண்ணயர்வு. சி6, சி8, சி10 என எண் கூடக் கூடத் தூக்கம் ஆழமாகும். எழுந்து வரவும் அதிக நேரம் பிடிக்கும். இதைக் கெடுக்கும் டிரைவர்கள் இரண்டு ரகம். ஒன்று, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை தட்டி எழுப்பும். மற்றொன்று எழுப்பவே எழுப்பாது. தன் சாதனத்தை ஓய்வுக்கு அனுப்பாமல் வைத்திருந்து, முழுச் சில்லும் ஆழத்துக்கு இறங்குவதைத் தடுக்கும். விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கில் வந்த யூஎஸ்பி 2.0 டிரைவர் இந்த இரண்டாம் ரகத்துக்குப் பெயர்போன உதாரணம். சாதனங்களோடு பேசும் முறையை வரிசைப்படுத்தும் அதன் அட்டவணைப் பகுதி ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்ததால், ஒரு யூஎஸ்பி சாதனத்தைச் செருகியிருந்தாலே ப்ராசஸர் ஆழ்நிலைக்குப் போக முடியாமல் தவித்தது.

கருவிகளை ஒப்பிடும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எந்த ரகத்தைப் பிடிக்கும்?

விண்டோஸோடு வரும் பவர்சிஎஃப்ஜி கட்டளையை எனர்ஜி என்ற தெரிவோடு நிர்வாகி உரிமையில் ஓடவிட்டால், 60 நொடி கவனித்துவிட்டு ஓர் அறிக்கை தரும். அந்த ஒரு நிமிடம் மௌஸைத் தொடாமல் இருப்பது முக்கியம், இல்லையென்றால் உங்களையே குற்றவாளி என்று எழுதிவிடும். தூங்க மறுக்கும் யூஎஸ்பி சாதனங்களைச் சிவப்பில் பட்டியலிடும். உள் சாதனங்களை இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸின் மின்சேமிப்பு அணைக்கப்பட்டிருந்தால் சொல்லும். குறித்த இடைவெளியில் ப்ராசஸரைத் தட்டும் டைமரை யார் வேகப்படுத்தினார்கள் என்பதும் இருக்கும்: கேட்ட கால அளவு 10000 என்றிருந்தால் 1 மில்லிநொடி என்று பொருள், இயல்பான அளவு 15.6 மில்லிநொடி. இரண்டாம் ரகத்துக்கு இது நல்ல தொடக்கம். ஆனால் பாதிக்கு மேல் வெற்று மிரட்டல். சிவப்பில் இருக்கும் எல்லாவற்றையும் சரிசெய்யப் புறப்பட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

லேட்டன்சிமான் என்ற விண்டோஸ் நிரலை மின்சேமிப்புக்குப் பரிந்துரைக்கிறவர்கள் உண்டு. ஒலி விட்டுவிட்டு வருவதைத் துப்பறியப் பிறந்த கருவி அது. எந்த டிரைவர் எத்தனை இன்டரப்ட் (ப்ராசஸரைத் தட்டி எழுப்பும் அழைப்பு) வாங்கியது என்று எண்ணிக் காட்டுவதால் முதல் ரகத்துக்கு உதவும். பல நேரம் டிரைவர்கள் பலவும் பகிர்ந்துகொள்ளும் பொதுவான நூலகக் கோப்பின் பெயரைத்தான் நீட்டும். அதன் பின்னால் ஒளிந்திருப்பவரை நாம்தான் தேட வேண்டும். இரண்டாம் ரகத்தை இது கண்டுகொள்ளவே செய்யாது.

லினக்ஸ் உலகின் பவர்டாப்தான் என் கட்சி. இன்டெல் 2007இல் வெளியிட்டது. ஒரு தாளில் நொடிக்கு எத்தனை விழிப்பு, யாரால் என்ற வரிசை. அடுத்த தாளில் ஒவ்வொரு சி நிலையிலும் எத்தனை சதவீத நேரம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ரகம் பிரிந்துவிடும். விழிப்புகள் குவிந்திருந்தால் முதல் ரகம். விழிப்புகள் குறைவாக இருந்தும், ப்ராசஸருக்குள் இருக்கும் தனித்தனிக் கோர்கள் ஆழமாகத் தூங்கியும், முழுச் சில்லின் பத்தியில் சி2வைவிட ஆழமான நிலைகள் எல்லாம் சுழியமாக இருந்தால் இரண்டாம் ரகம். விண்டோஸ்காரர்களும் லைவ் யூஎஸ்பியில், அதாவது கணினியில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து, லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். அங்கே சில்லு ஆழத்துக்குப் போகிறது என்றால் வன்பொருள் நிரபராதி, விண்டோஸ் பக்கத்து டிரைவர் மேல்தான் சந்தேகம். ஒரு சிக்கல்: செருகியிருக்கும் அந்த லைவ் யூஎஸ்பியே தூக்கத்தைக் கெடுக்கலாம். நினைவகத்தில் முழுதாக ஏற்றிக்கொண்டு அதைப் பிடுங்கிவிடும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். பவர்டாப்பில் தானியங்கிச் சீரமைப்புத் தெரிவு இருக்கிறதே என்று அவசரப்படவும் வேண்டாம். அது எல்லாச் சாதனத்தையும் தூங்கப் போடும், மௌஸ் உட்பட. பிறகு ஒவ்வொரு முறையும் மௌஸ் சோம்பல் முறித்துக்கொண்டு எழும்.

கடைசியாகக் கைவேலை. த்ராட்டில்ஸ்டாப் போன்ற விண்டோஸ் கண்காணிப்பு நிரல் ஒன்றில் சில்லின் சி நிலைச் சதவீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் சாதனங்களை ஒவ்வொன்றாக முடக்குவது. மெதுவானது, அலுப்பானது, ஆனால் தீர்ப்பு இங்கேதான் கிடைக்கும். மற்றவை எல்லாம் சந்தேகப் பட்டியல்தான். தனி கிராஃபிக்ஸ் அட்டையை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதன் மின்சாரத்தை நிறுத்துவதே டிரைவரின் வேலை. டிரைவரை முடக்கினால் அட்டை கவனிப்பாரற்று விழித்திருந்து முன்பைவிட அதிகம் குடிக்கும்.

என் மடிக்கணினியில் பவர்சிஎஃப்ஜி அறிக்கை வெப்கேமைக் குற்றம் சாட்டியது. முடக்கினேன், சதவீதம் அசையவில்லை. ப்ளூடூத், கைரேகை உணரி, இரண்டும் அப்படியே. மெமரி கார்டு ரீடரை முடக்கிய சில நொடிகளில் சுழியமாக இருந்த சி8 பத்தி நிமிர்ந்தது. அதில் நான் ஒரு கார்டைக்கூடச் செருகியதில்லை. தயாரிப்பாளரின் டிரைவரை நீக்கி விண்டோஸின் பொது டிரைவரைப் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில், விண்டோஸ் தொடங்கும் முன்பே வன்பொருளை அமைக்கும் பயோஸிலேயே அந்த ரீடரை அணைத்துவிட்டேன். மின்விசிறி இப்போது எப்போதாவதுதான் சுழல்கிறது.