தோசைக்கல்லைப் பற்றி விசாரித்த கிளிக்கடை

சென்னை கொளத்தூரில் பறவைகளும் அவற்றுக்கான கூண்டு, தீனி வகைகளும் விற்கும் ஒரு கடைக்குக் கூண்டு வாங்கச் சென்றபோது, கடை உரிமையாளர் என்னிடம் முதலில் கேட்டது கூண்டின் அளவையோ நான் எவ்வளவு செலவழிக்க நினைக்கிறேன் என்பதையோ அல்ல; வீட்டில் தோசை வார்ப்பது இரும்புக் கல்லிலா, நான்ஸ்டிக் கல்லிலா என்றுதான் கேட்டார். நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிப்படும் புகை நமக்குப் பெரிதாகத் தெரியாது என்றாலும், கிளி இனப் பறவைகளின் நுரையீரலுக்கு அது கொடிய நஞ்சு என்றும், அடுப்படிக்கு அடுத்த அறையில் தொங்கும் பறவை சில நிமிடங்களிலேயே இறந்துவிடக்கூடும் என்றும் விளக்கிய பிறகே கூண்டுகள் இருந்த உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். அன்றிலிருந்து எட்டு மாதங்களில் நான்கு முறை அந்தக் கடைக்குப் போய்வந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். முன்பு யாரோ பாராட்டி எழுதியதைப் படித்துவிட்டு, பச்சைக்கிளி கிடைக்குமா என்று கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்து போனாராம்.

எங்களிடம் இருப்பது ஒரு காக்டெயில், தலையில் கொண்டையுள்ள ஒரு சிறிய கிளி இனம். வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போன என் சித்தி மகன், தகர வளையம் போன்ற ஒரு வட்டக் கூண்டோடு அதை எங்களிடம் விட்டுச் சென்றான். வட்டக் கூண்டு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் பறவைக்கு ஒதுங்கி நிற்க ஒரு மூலை கிடையாது, சிறகை விரித்துப் பக்கவாட்டில் தாவவும் நீளம் போதாது. கடைக்காரர் எடுத்துக் காட்டியது இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் கொண்ட செவ்வகக் கூண்டு. கம்பிகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளிதான் இருந்தது. அதற்கு மேல் போனால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும் என்றார். கிளி ஏறும்போது அலகையும் ஒரு காலைப் போலவே பயன்படுத்துவதால், நாள் முழுவதும் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். துத்தநாகப் பூச்சுள்ள மலிவான வலையிலிருந்து உதிரும் துகள் அதன் வயிற்றுக்குள் போய் விஷமாகும் என்பதால் பவுடர் பூச்சுக் கம்பியையே பரிந்துரைத்தார். விலை 2,850 ரூபாய். இணையத்தில் இதே அளவு இன்னும் 600 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. ஆனால் அங்கே தோசைக்கல்லைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை.

கூண்டோடு வந்த பிளாஸ்டிக் குச்சிகளை அவரே கழற்றி வைத்துவிட்டு, கணுக்களும் வளைவுகளுமாக இருந்த கொய்யாக் கிளைகள் மூன்றை வெட்டிப் பொருத்தித் தந்தார். கிளியின் காலில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாக இருப்பதால், நம் கைவிரலும் கட்டை விரலும் போல அது எதையும் பற்றிப் பிடிக்கும். ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியில் வருடக் கணக்கில் நிற்க வைத்தால் பாதத்தின் அடியில் புண் வந்துவிடும். என் அம்மா அந்தக் கிளைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டே விட்டார்.

“ஒரு பச்சைக்கிளி கிடைக்குமா தம்பி?”

“அம்மா, அதை வித்தா நான் உள்ள போவேன்; வாங்கினா நீங்களும் கூடவே வரணும்” என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். அம்மா மதுரைக்காரர், மீனாட்சியின் கையில் கிளியைப் பார்த்து வளர்ந்தவர். கோயிலின் கிளிக்கூண்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் மீனாட்சியின் பெயரைச் சொல்லப் பழக்கிய கிளிகள் இருந்ததைக் கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளிதான்; ஆனால் அது இலைகளால் அன்றாடம் புதிதாகச் செய்யப்படுவது, ஆகவே எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. அந்த ஆண்டாளே தன் பாட்டில், கூண்டிலிருந்து ஓயாமல் கோவிந்தா என்று கூப்பிடும் கிளிக்கு இரை கொடுக்காமல் தண்டித்தால், அது உலகளந்தான் என்று இன்னும் உரக்கக் கூவுவதாகப் பாடியிருக்கிறாள். கிளி வளர்த்த வீட்டில் இருந்தவர் மட்டுமே இப்படிப் பாட முடியும் என்று எனக்குத் தோன்றும். எங்கள் காக்டெயிலும் தீனிக் கிண்ணம் காலியானால் அதையேதான் செய்கிறது, தெய்வத்தின் பெயர் மட்டும் இல்லை.

தீனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடையில் தினை, சாமை, கம்பு ஆகியவற்றைத் தனித்தனியாகவும் கலந்தும் நிறுத்துத் தருகிறார்கள். தூசு புடைக்கப்பட்டிருக்கிறது, வண்டு இல்லை. கலவையில் சூரியகாந்தி விதையை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள், ஏனெனில் பறவை மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அதையே பொறுக்கித் தின்று கொழுத்துவிடும். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தட்டை, குளிர், கவண் முதலிய கிளியோட்டும் கருவிகளை வைத்துக்கொண்டு எந்தக் கிளியிடமிருந்து தினைப்புனத்தைக் காத்தார்களோ, அதன் தூரத்து உறவுக்காரனுக்கு அதே தினையைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கி வருகிறேன். கூடவே சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்று. முருங்கைக்கீரை தாராளமாகக் கொடுக்கலாம், பட்டர் ஃப்ரூட்டும் சாக்லேட்டும் கூடவே கூடாது என்று பையின் மேல் பேனாவால் எழுதியே கொடுத்தார்.

உள்ளறையின் கோடியில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகள் ஒரு ஜோடி இருந்தன. அவை விற்பனைக்கு அல்ல. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த சான்றிதழ் கூண்டின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. இந்த இனத்திலேயே அதிகம் பேசப்பட்ட பறவையான அலெக்ஸும் இப்படி ஒரு சாதாரணக் கடையிலிருந்துதான் போனது. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977ஆம் ஆண்டில் அதை வாங்கியபோது, கெட்டிக்காரப் பறவையாகப் பார்த்துப் பொறுக்கிவிட்டார் என்று பின்னர் யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, கடை ஊழியரையே ஏதாவது ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். நிறம், வடிவம், ஆறு வரையிலான எண்ணிக்கை ஆகியவற்றைப் புரிந்துகொண்டு சொல்லால் பதிலளித்த அலெக்ஸ், 2007இல் இறக்கும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருடனேயே இருந்தது. கிளி நம் பேச்சைப் பழகுவது, கூட்டமாக வாழும் பறவை தன் கூட்டத்தின் குரலைப் பழகுவதுதான். கூட்டம் என்று அதற்கு வாய்த்தது நாம்.

குறைகளும் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து சேர்ந்த கூண்டில் அடித்தட்டின் ஒரு கொக்கி இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி மாற்றித் தரப் பதினோரு நாட்கள் ஆயின. கேட்பவர்களுக்கு இறக்கையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். காக்டெயிலுக்கும் செய்து தரட்டுமா என்று கடைப் பையன் கேட்டபோது மறுத்துவிட்டேன், இவ்வளவு விவரம் தெரிந்த கடையில் இது ஏன் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. முன்வரிசைக் கூண்டுகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜரிகர்கள் நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவை உண்மையில் லவ் பேர்ட்ஸும் அல்ல. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் பெருங்கூட்டமாகப் பறப்பவை, 1840இல் ஜான் கூல்ட் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதிலிருந்து வீடு வீடாகப் பரவியவை. லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கப் பறவை. இதைச் சொன்னால், ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது, நான் பலகையை மாற்றினால் வியாபாரம் போய்விடும் என்கிறார்.

இருந்தாலும் இந்தக் கடையை நான் விடாமல் இருப்பதற்குக் காரணம் ஓர் இரவு. புதுக் கூண்டுக்கு மாறிய மூன்றாம் நாள், பதினொரு மணி வாக்கில், எங்கள் காக்டெயில் திடீரென்று இருட்டில் படபடவென்று அடித்துக்கொண்டு கம்பியில் மோதி, இறகு உதிர்ந்து, நெற்றியில் ரத்தம் கசியக் கிடந்தது. வேறு வழி தெரியாமல் கடைக்காரரின் எண்ணுக்கு அழைத்தேன். முதலில் விளக்கைப் போடச் சொன்னார். கையை உள்ளே விடாமல் மெதுவாகப் பேச்சுக் கொடுக்கச் சொன்னார். காக்டெயில்களுக்கு இப்படி இரவில் மிரட்சி வருவதுண்டு என்றும், இனிமேல் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரியட்டும் என்றும் சொல்லி, அது மூச்சு சீராகிக் குச்சியில் ஏறி நிற்கும்வரை தொலைபேசியிலேயே இருந்தார். மறுநாள் காலையில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். எலும்பு எதுவும் முறியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையில் போகாதீர்கள், நிற்க இடமிருக்காது, அவரிடம் பேசவும் முடியாது. வார நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல் போனால் பறவையைக் காசு வாங்காமல் எடைபோட்டுத் தருகிறார். கொண்டு போகும்போது காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். எங்களுடையது சென்ற மாதம் 92 கிராம்.