நிஜ நடிகரைக் கதையில் கொண்டுவர நான்கு வழிகள்: எதில் எவ்வளவு ஆபத்து?

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழில் எழுதுகிற இளைஞர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பவன் நான். நிஜ நடிகர்கள் நடமாடும் கதைகள் இப்போது நிறைய வருகின்றன. பொள்ளாச்சியில் ஷூட்டிங் என்றால் வேடிக்கை பார்க்க வண்டியேறுகிற ஊர், விஜய்க்கும் மம்மூட்டிக்கும் ஒரே தெருவில் பேனர் கட்டுகிற ஊர் எங்களுடையது. இங்கே சினிமா நுழையாத கதைதான் குறைவு. ஆனால் சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவருக்குப் பதிப்பகமும் இல்லை, பதிப்பகத்தின் வக்கீலும் இல்லை. வருகிற நோட்டீஸ் நேராக வீட்டுக்குத்தான் வரும். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “பேரை மாத்திட்டாப் போதும்ல அண்ணா?”

போதாது. ஏன் என்பதற்கு ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சியில் ஷூட்டிங் முடித்து பாலக்காடு போகும் ஒரு பெரிய நடிகரின் கார், ராத்திரி பதினோரு மணிக்கு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி ஒரு டீக்கடையில் நிற்கிறது. கடைக்காரரின் மகள் செல்விதான் கதாநாயகி. இந்த நடிகரை எழுத நான்கு வழி உண்டு.

முதல் வழி, உயிரோடு இருக்கும் நடிகரைச் சொந்தப் பெயரிலேயே கதையின் நடுவில் வைப்பது. அவர் டீ குடித்துவிட்டு, செல்வியைப் படிக்கச் சொல்லிவிட்டுப் போனால் யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. “அவருக்கு நடிப்பே வராது” என்று கடையில் ஒருவர் சொன்னாலும் பரவாயில்லை. மேடையிலும் திரையிலும் செய்வதைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்து சொல்வதற்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. அவர் குடித்துவிட்டுத் தகராறு செய்தார், செல்வியோடு ரகசிய உறவு வைத்தார் என்று எழுதினால்தான் வினை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500, அவதூறுக்கு இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. சிவிலில் நஷ்ட ஈடு தனி.

“கற்பனைதானே” என்பது இங்கே பெரிய தற்காப்பு இல்லை. பிரான்ஸில் கிரேகுவார் தெலகூர் என்ற எழுத்தாளர் 2013இல் எழுதிய நாவலில், ஹாலிவுட் நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சனைப் போலவே இருக்கும் ஒரு பெண் வருகிறாள். வழக்குப் போட்ட ஜோஹான்சன் கேட்டது 50,000 யூரோ. 2014இல் கோர்ட் கொடுத்த நஷ்ட ஈடு 2,500 யூரோ. நாவலுக்குத் தடை விதிக்கவில்லை. உருவ ஒற்றுமைக்காக அல்ல, அவருக்கு இல்லாத காதல் உறவுகளை இருந்ததாக எழுதியதற்காகத்தான் அந்தப் பணம். நான் பிரதி திருத்தும்போது முதலில் தேடுவதும் இதைத்தான்: நிஜ மனிதரின் படுக்கையறை, குடி, பணம், நோய் பற்றி இட்டுக்கட்டிய வரி ஏதாவது உண்டா?

நடிகைகளை வைத்து எழுதும் ஆபாசக் கதைகளை நான் தொடுவதே இல்லை. இணையத்தில் அப்படி வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவில் முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அது ஒரு பெண்ணுக்குச் செய்யும் கொடுமை.

இரண்டாவது, எல்லாரும் நம்பி இறங்கும் முகமூடி வழி. பெயர் ‘ஆதித்யா’. ஆனால் பஸ் கண்டக்டராக இருந்தவர், சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிப்பவர். எழுதியவரைத் தவிர யாருக்கும் சந்தேகம் இருக்காது. படிக்கிறவர்களுக்கு ஆளைத் தெரிகிறதா என்பதுதான் கோர்ட் பார்ப்பது, பெயர்ப் பலகையை அல்ல. அமெரிக்காவில் ஒரு மனோதத்துவ நிபுணரைப் பெயரும் தோற்றமும் மாற்றி நாவலில் எழுதியும், 1979இல் அவருக்கு எதிரான அவதூறுதான் என்று தீர்ப்பு வந்தது. நம்மூரில், ரஜினிகாந்த் பெயரோடு வரவிருந்த ஒரு இந்திப் படத்துக்கு எதிரான வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் பெயர், உருவத்தோடு வசனம் பேசும் பாணியைக்கூடப் பயன்படுத்தத் தடை போட்டது.

நான்கில் இதைத்தான் நான் மோசமானது என்பேன். சொந்தப் பெயரைப் போட்டவர் ஒவ்வொரு வரியையும் பயந்து எழுதுகிறார். முகமூடி போட்டவரோ கைக்கு வந்ததையெல்லாம் எழுதிவிட்டு, முதல் பக்கத்தில் “யாவும் கற்பனையே” என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். அந்த வரி நல்லெண்ணத்தைக் காட்ட உதவும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

மூன்றாவது, மறைந்த நடிகர். பாலக்காட்டுக்காரர்களுக்கு இது பெரிய ஆசை, எம்.ஜி.ஆரின் குடும்பத்துக்கு வடவன்னூர் தொடர்பு இருக்கிறதே. இதில் ஆபத்து நிச்சயம் குறைவு. ஜெயலலிதா வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குச் சொத்துப் போல வராது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் கிரிமினல் அவதூறில் ஒரு விளக்கம் இருக்கிறது: இறந்தவரின் பெயரைக் கெடுக்கிற மாதிரி, குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கத்தோடு எழுதினால் அதுவும் குற்றம்தான். அப்புறம், இறந்தவரைச் சுற்றி உயிரோடு இருப்பவர்களும் கதைக்குள் வருவார்கள். என்.டி.ஆரின் கடைசிக் காலத்தைப் பற்றி ராம் கோபால் வர்மா எடுத்த படம் 2019 மார்ச்சில் தெலங்கானாவில் ஓடியது, ஆந்திராவில் உயர் நீதிமன்றத் தடையால் நின்றது. என்.டி.ஆர். மறைந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிக்கல் வந்தது, படத்தில் காட்டப்பட்ட இன்றைய அரசியல் தலைவரால்.

நான்காவது வழிக்கே என் ஓட்டு: நடிகர் சொந்தப் பெயரில், ஆனால் தூரத்தில். கார் நிற்கிறது. டிரைவர் மட்டும் இறங்கி இரண்டு டீ வாங்கிப் போகிறார். கண்ணாடி பாதி இறங்குகிறது. உள்ளே இருப்பது அவர்தான் என்று கடையில் பாதிப் பேர் சத்தியம் செய்கிறார்கள், மீதிப் பேர் இல்லை என்கிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் செல்வியின் கதை. முதல் நாள் முதல் காட்சி, பேனர், ரசிகர் மன்றச் சண்டை, பேட்டியில் அவரே சொன்னது எல்லாவற்றையும் தாராளமாக எழுதலாம். 1994இல், கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையைப் பத்திரிகையில் வெளியிடுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யார் அனுமதியும் வேண்டாம் என்று சொன்னது. அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்கத்துக்குள் போனால் புகழ்ந்து எழுதினாலும் பொறுப்பேற்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. இதைப் பலர் கவனிப்பதில்லை. நடிகர் அருகில் வந்து பேச வேண்டிய கதை என்றால் ஊர், வயது, முதல் படம், பாணி எல்லாம் வேறாக ஒரு புது நடிகரையே படைத்துவிடுங்கள். கொஞ்சம் வேலைதான், ஆனால் அவர் உங்கள் ஆள்.

அட்டையில் மட்டும் எந்த வழியிலும் சலுகை கிடையாது. உள்ளே தூரத்தில் நிற்கும் நடிகரின் முகம் அட்டையில் வந்தால் அது விற்பனைக்குப் பயன்படுத்துவதாகிவிடும். புகைப்படத்தின் காப்புரிமை வேறு ஒருவருடையது. ஏஐயில் வரைந்த முகம் என்றாலும் ஆள் தெரிந்தால் சிக்கல் அதேதான்.

அச்சுப் புத்தகமா, கிண்டில் மின்புத்தகமா என்பதிலும் வித்தியாசம் உண்டு. அவதூறு என்று தெரிந்தே அச்சடிப்பவரும் விற்பவரும்கூட 356இல் மாட்டுவார்கள் என்பதால் விவரமான பிரஸ்காரர் பிரதியைப் புரட்டிப் பார்ப்பார். கிண்டிலில் அப்படி யாரும் கேட்கமாட்டார்கள். யாருடைய உரிமையையும் மீறவில்லை என்று ஒப்பந்தத்தில் நாமே உறுதி கொடுத்து, வழக்கு வந்தால் நஷ்டத்தையும் நாமே ஏற்கிறோம்.

எல்லையில் இருக்கிற நமக்கு இன்னொன்றும் உண்டு. பெயர் கெட்ட இடத்திலும் வழக்குப் போடலாம், எழுதியவர் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். புத்தகம் கோயம்புத்தூரிலும் விற்றால், பாலக்காடா கோவையா என்று முடிவு செய்வது எதிர்த்தரப்பு. சிவில் அவதூறுக்கு வெளியானதிலிருந்து ஒரு வருடம், கிரிமினலுக்கு மூன்று வருடம் அவர்களுக்கு அவகாசம். நோட்டீஸ் வந்தால் அதை முகநூலில் போட்டுப் பதில் சொல்லாதீர்கள். பிரதியையும் வெளியான தேதியையும் பத்திரப்படுத்திக்கொண்டு, அதில் கொடுத்திருக்கும் கெடு முடியும் முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.