ராண்டி பாஸ்: அமெரிக்கக் கணக்கும் ஜப்பான் கணக்கும்

அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் 1977 முதல் 1982 வரை ஐந்து அணிகள் மாறிய ராண்டி பாஸுக்கு மொத்தமே 130 ஆட்டங்கள், 9 ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடிகள்), .212 சராசரி (அடிக்கும் வாய்ப்புகளில் வெற்றி பெற்ற விகிதம்). பெஞ்சிலேயே தேய்ந்த காலம் அது.

1983இல் ஜப்பானின் ஹன்ஷின் டைகர்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே தினமும் ஆட இடம் கிடைத்தது. எல்லாவற்றையும் மாற்றியது அதுதான் என்பேன். அணியின் சொந்த மைதானமான கோஷியெனில் கடற்காற்று வலப்புறமிருந்து இடப்புறம் வீசும். இடக்கை ஆட்டக்காரரான அவர் வலப்புறம் இழுத்து அடித்தால் பந்தைக் காற்று மடக்கிவிடும். அதனால் இடப்புறம் தூக்கி அடிக்கப் பழகினார். 1985இல் 54 ஹோம் ரன்கள், .350 சராசரி, அணிக்கு நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஜப்பான் தொடரில் முதல் கோப்பை! வெற்றிக் களிப்பில் ரசிகர்கள், தாடிக்கார பாஸின் சாயலில் வேறு ஆள் கிடைக்காமல், கேஎஃப்சி கோழிக்கடையின் தாடிக்கார கர்னல் சிலையை ஒசாகாவின் டோட்டன்போரி ஆற்றில் எறிந்தார்கள். மறு ஆண்டு அவர் எடுத்த .389 சராசரியை அங்கே எவரும் தாண்டவில்லை.

ஜப்பானிலும் கசப்பு உண்டு. ஜப்பானின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் சடஹாரு ஓ ஒரே பருவத்தில் படைத்த 55 ஹோம் ரன் சாதனையை அவர் நெருங்கியபோது, ஓ பயிற்றுவித்த ஜயன்ட்ஸ் அணி அவர் அடிக்க முடியாதபடி எட்டாத பந்துகளாகவே வீசியது. 1988இல், மகனின் நோய்க்காக ஊர் திரும்பியவரை அணி விடுவித்தது. அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஜப்பானின் பேஸ்பால் புகழரங்கம் 2023இல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டது.